தாழ்ப்பாள் கழற்றிய கதவு

பகல் பன்னிரண்டு மணி, நிழல் காலடிக்குள் ஒடுங்கிவிட்டது, கச்சான் காற்றும் விழுந்துவிட்டது, றோட்டில் மட்டும் வாகனங்கள் ஓயவில்லை... யுத்தம் முடிந்ததென்று நேற்று வானொலியில் சொன்னார்கள், இன்று கொடி கட்டிய லொறிகளும் மோட்டார் சைக்கிள்களும் களுவாஞ்சிக்குடிப் பக்கம் ஊர்கின்றன, நின்றாலும் இயந்திரத்தை அணைப்பதில்லை. வாசலில் நின்று பார்த்தான் கோணாமலை. புகை தெரிகிறது. ஆனால் அந்தப் புகை வெயிலில் கிடந்து வேறொன்றாக மாறும் என்றாரே பிள்ளையைப் பார்த்த டொக்டர், ஓசோனாம், வானத்தில் உயர இருந்தால் காவல், நிலத்தில் நின்றால் நெஞ்சைத் தீய்க்குமாம், கண்ணுக்குத் தெரியாதாம்... தெரியாத ஒன்று வருகிறதா என்று எந்தப் பக்கம் பார்ப்பது? இழுப்புக்காரப் பிள்ளை காலையில் விளையாடட்டும், உச்சி வெயிலிலிருந்து பொழுது சாயும்வரை வெளியே விடக்கூடாது, றோட்டுப் பக்கக் கதவு ஜன்னலைச் சாத்தி வைக்கவேண்டும். ஜன்னலைச் சாத்தினான். கதவை?

சுனாமி வந்த அந்தக் காலையிலும் கதவுதான். கடல் செட்டிபாளையத்துக்குள் ஏறியபோது மூத்த மகள் வதனி உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள், வெளிப்பக்கம் திறக்கும் கதவு, தண்ணீர் தன் பாரமெல்லாம் அதன்மேல் சாய்த்து நின்றது, இழுத்தான், இழுத்தான்... பிறகு கதவுமில்லை, வீடுமில்லை. கடலை விட்டுத் தள்ளி இந்த றோட்டோரத்தில் வீடு கட்டிக் கொடுத்த அன்றே தாழ்ப்பாள்களைக் கழற்றிக் கிணற்றில் போட்டான். அதற்குப் பிறகு பிறந்த கம்சாயினிக்குப் பேச்சு வந்ததும் முதலில் சொல்லிக்கொடுத்தது அதைத்தான், தண்ணீர் வந்தால் ஓடவேண்டும், கதவு திறந்தே கிடக்கவேண்டும். மனைவி புஸ்பம் இன்று காலை தேங்காய் துருவிக்கொண்டே கேட்டாள், "கடலுக்குப் பயந்து றோட்டுக்கு வந்தம். இனி றோட்டுக்குப் பயந்து எங்க போற?" சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். அப்போது பிள்ளைக்கு இவ்வளவு இழுப்பு இல்லை.

இப்போது பாயில் குந்தியிருந்து மூச்சை இழுக்கிறாள், இழுக்கும்போது கழுத்துக் குழி உள்ளே போகிறது, நேற்றைவிட ஆழமாக. இழுப்பு மருந்துப் பம்பைப் பிள்ளையின் வாயில் அடித்துவிட்டுப் புஸ்பம் அவனைப் பார்த்தாள், பிறகு கதவைப் பார்த்தாள். அவன் கதவைத் தள்ளினான். நிற்கவில்லை, மெல்லத் திரும்பித் திறந்துகொண்டது. மறுபடி தள்ளி, முதுகைக் கொடுத்துச் சாய்ந்தான். இருட்டு. பலகைக்கு அப்பால் இரைச்சல், லொறிதான், லொறிதானே... அன்றும் முதலில் கேட்டது இரைச்சல்தான். முதுகு பலகையை விட்டு விலகப் பார்க்கிறது. கம்சாயினி இரண்டு மூச்சுக்கு நடுவில் கேட்டாள்.

"கதவ சாத்தினா எப்பிடி ஓடுற, அப்பா?"