பையில் போகாத கடுதாசி

கஞ்சிக் கரண்டியை வாயருகே கொண்டுபோனதும் அண்ணாமலை முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"பேப்பர் வந்துச்சா?"

"இல்லீங்கப்பா. ரெண்டு வாய் குடிங்க."

"எப்படி வரும்? கொண்டு வர்றவன் எங்கூட்டுல குந்திக்கிட்டுக் கஞ்சி ஊத்தறான்."

சாகக் கிடக்கிற மனிதருக்கு உடம்பெல்லாம் தளர்ந்துவிட்டது. நாக்கு மட்டும் தளரவில்லை. ஆடி மாதக் காய்ச்சல் பதினோரு நாளில் அவரை எலும்பும் தோலுமாக்கியிருந்தது. தலையைத் தூக்கி மூன்று நாளாகிறது. சின்னராசு கரண்டியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு அப்பாவின் வாயைத் துடைத்தான்.

மலைமேல் இருக்கிற தேவனூர் நாட்டு ஊர்களில் பேப்பர் வரவழைத்துப் படிக்கிற ஒரே ஆள் அண்ணாமலை. இளவயதில் மலையிறங்கி, காளப்பநாயக்கன்பட்டி ஷேக் பரீத் ராவுத்தர் கடையில் மிளகு மூட்டை தைத்தபோது, பொட்டலம் கட்டுகிற காகிதத்தைப் பார்த்தே எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டவர். சேலத்திலிருந்து வருகிற வாரப் பேப்பரை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படிப்பார். படித்து முடித்ததும் "எல்லாம் புளுகு" என்று நான்காக மடித்துத் தலையணைக்கடியில் வைப்பார். மறுவாரம் அது வர அரைநாள் பிந்தினாலும் அவருக்கு இருப்புக் கொள்ளாது.

படிப்பதோடு விட்டாரா என்றால் அதுவும் இல்லை. 'மலையிலிருந்து ஒருவன்' என்று பேர் போட்டு அந்தப் பேப்பருக்கே கடுதாசி எழுதுவார். தேர்தலுக்கு முந்தி மேலே ஏறி வந்து, ரோட்டுக்கு அளந்துவிட்டுப் போன ஜில்லா போர்டு மெம்பரைப் பற்றி எழுதினார். ரோடு போட்டாயிற்று என்று அச்சடித்த அதே பேப்பருக்கு, "அந்த ரோடு எங்கே இருக்கிறது என்று சொன்னால் நாங்களும் ஒரு தடவை நடந்து பார்ப்போம்" என்று எழுதினார். அவற்றையும் போட்டார்கள். அதில் அவருக்கு உள்ளூரப் பெருமைதான்.

அந்தக் கடுதாசிகளை அடிவாரத்துக்குக் கொண்டுபோனவன் சின்னராசு. அவன் தபால் ரன்னர். தோளில் பை, கையில் சலங்கை கட்டிய வேல்கம்பு. காட்டு மிருகம் விலகுவதற்காகக் கட்டிய சலங்கை அது. ஆனால் பாதை வளைவில் அது கேட்டதும் மலையில் பெண்கள் செய்கிற வேலையைப் போட்டுவிட்டுக் கடுதாசியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். நாய்கள் குரைத்துக்கொண்டு வளைவு வரைக்கும் ஓடும்.

நாற்பத்தாறாம் வருஷம், அந்த ஆடிக்குக் கொஞ்சம் முந்தி, தேசம் முழுக்கத் தபால்காரர்கள் வேலையை நிறுத்தினார்கள். சின்னராசுவும் சங்கத்தில் சேர்ந்து, பையைக் கீழே ஒப்படைத்துவிட்டு வந்தான். வேல்கம்பைச் சுவரில் தொங்கவிட்டான். காற்றில் சலங்கை ஆடும்போதெல்லாம் பேப்பர் வந்துவிட்டதென்று அப்பா எழுந்து உட்கார்ந்ததால், ஒவ்வொரு சலங்கையிலும் கந்தல் துணியைத் திணித்து அடைத்தான்.

"சர்க்கார் சோத்தைத் தின்னுபோட்டு ஊருக்குக் கதவைச் சாத்தறீங்களாடா?" என்று கேட்டார் அப்பா.

"போன வருசம் ஒரு ரன்னர் வெள்ளத்துல போனான். மேலாபீசுல இருந்து வந்த ஆளு பை கெடச்சுதான்னு கேட்டான். செத்தவன் பேரைக் கேக்கலை. அதையும் நீங்க எழுதியிருக்கலாமில்லீங்க?"

அவரோ தான் எழுத வேண்டியதை அதற்கு முந்தியே எழுதி முடித்திருந்தார். வேலைநிறுத்தத்துக்கு முந்தின கடைசிப் பையில் போட வேண்டுமென்று அவர் கொடுத்த கடுதாசியை, பாதி வழியில் ஒரு பாறையில் உட்கார்ந்து சின்னராசு பிரித்துப் படித்தான். அதில் அவன் பேர் இருந்தது. நாலு ஊர் பார்க்க அப்பனே தன்னை எழுதிவிட்டாரே என்று அவனுக்குக் கண் இருட்டியது. கடுதாசி பைக்குள் போகவில்லை. வீட்டுக் கூரையின் புல்லுக்குள் போயிற்று.

எட்டு வருஷத்தில் ஒரு கார்டு தவறவிட்டவனில்லை அவன். தவறவிட்டது அதுதான்.

அச்சான தன் கடுதாசியைப் பார்க்கத்தான் இந்த மனிதர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று அவன் மனைவி ராமாயிக்குத் தெரியும். அது அச்சாகவே போவதில்லை என்று சின்னராசுவுக்கு மட்டும் தெரியும். சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் அனுப்பினால் ஆயுசுக்கும் அந்தப் பாவம் தீராது.

உச்சிப்பொழுது கழிந்து பனிமூட்டம் வாசல்வரை வந்து நின்றது. அவன் பாயருகே குனிந்தான்.

"அப்பா, உங்க கடுதாசி இருக்குதுங்களே..."

"சும்மா இரு," என்றார் அண்ணாமலை. "சலங்கை கேக்குது."

சின்னராசுவுக்கும் கேட்டது.

கீழே வளைவில், மூட்டத்துக்குள்ளே, ஓட்டமும் நடையுமாக அவனே வருகிற சத்தம். நாய்கள் குரைத்துக்கொண்டு ஓடின. போன வேகத்தில் சத்தமில்லாமல் திரும்பி வந்து, வாலைச் சுருட்டிக்கொண்டு அடுப்படிக்குள் நுழைந்தன.

வாசலில் பாப்பாயி வந்து நின்றாள். அவள் புருஷன் பட்டாளத்தோடு பர்மாவுக்குப் போனவன். தூறலுக்கு இலையில் சுற்றிய கடுதாசி அவள் கையில் இருந்தது. பின்னால் இன்னும் இரண்டு பெண்கள்.

"ஏனுங்ணா, வேலைக்குத் திரும்பிட்டீங்களா? சலங்கை கேட்டுச்சேன்னு ஓடியாந்தோம்." உள்ளே உட்கார்ந்திருந்தவனைப் பார்த்ததும் அவள் குரல் இறங்கியது. "நீங்க இங்க இருந்தா அங்க வர்றது யாருங்க?"

ராமாயி சுவரைப் பார்த்தாள். வேல்கம்பு ஆடாமல் அசையாமல் தொங்கியது. சத்தம் வாசற்படி வரைக்கும் வந்து நின்றது. அந்தப் பெண்கள் தங்களையறியாமல் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

மூன்று நாளாகத் தலை தூக்காத அண்ணாமலை எழுந்து உட்கார்ந்தார். இரண்டு கையையும் நீட்டி எதையோ வாங்கினார். விரித்தார். வெறுங்கையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் படிக்க ஆரம்பித்தார். காய்ச்சல்காரர் குரலே இல்லை அது.

"'ரோடு வருமென்று மெம்பர் சொன்னார், வந்துவிட்டதென்று பேப்பர் சொன்னது. இரண்டையும் நாங்கள் நம்பவில்லை. மலையில் நாங்கள் நம்பியது தபால் ஒன்றைத்தான். அதையும் நிறுத்தப் போகிறார்களாம். நிறுத்துகிறவர்களில் என் மகன் சின்னராசுவும் ஒருவன். அவனுக்குக் குறை இருக்கலாம். குறையை மேலே இருக்கிறவனிடம் கேட்கட்டும். கீழே கடுதாசிக்குக் காத்து நிற்கிறவளைப் பட்டினி போட்டா கேட்பது? அவன் நல்லவன். அதனால்தான் அவன் பேரைப் போட்டு எழுதுகிறேன்.'"

ஒரு எழுத்து பிசகவில்லை. எழுதினவருக்குத் தெரியாதா என்று சின்னராசு மனதைத் தேற்றிக்கொண்டான். ஆனால் அவர் நிறுத்தவில்லை. கடுதாசியில் இல்லாத ஒன்றை, புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, மெதுவாகப் படித்தார்.

"கீழ பத்திரிகைக்காரன் ஒரு வரி போட்டிருக்கறான். 'இதை எழுதிய பெரியவர் இப்போது உயிருடன் இல்லை.'"

அண்ணாமலை சிரித்தார். பல வருஷத்துக்குப் பின் வாய்விட்டுச் சிரித்தார்.

"பாத்தியாடா சாமி? புளுகாம அவனால ஒரு வாரம் இருக்க முடியல."

கையில் இல்லாத பேப்பரை நான்காக மடித்தார். தலையணைக்கடியில் வைத்தார். அதன்மேலேயே தலை சாய்த்தார். ராமாயி மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துவிட்டு வாயில் சேலையைப் பொத்திக்கொண்டாள்.

ஆட்கள் கூடுவதற்கு முன் சின்னராசு சுவரருகே போய்ச் சலங்கைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். திணித்த கந்தல் திணித்தபடியே இருந்தது.

மறுநாள் காட்டோரத்தில் அடக்கம் செய்தார்கள். பெரக்கரை நாட்டிலிருந்தும் சொந்தக்காரர்கள் வந்தார்கள். மழையைப் பற்றிப் பேசினார்கள், மிளகைப் பற்றிப் பேசினார்கள். சலங்கையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஆவணிக்கு முந்தியே வேலைநிறுத்தம் முடிந்தது. முதல் நாள் மலையிறங்கும்போது சின்னராசு கூரைப்புல்லுக்குள் கையைவிட்டுக் கடுதாசியை எடுத்தான். அது நனையாமல் இருந்தது. உறையை ஒட்டிப் பைக்குள் போட்டான். அதில் ஒரு வார்த்தைகூட அவன் சேர்த்து எழுதவில்லை. திரும்பி வந்த பையில் பாப்பாயிக்கு மூன்று கடுதாசி ஒன்றாக இருந்தன. எதை முதலில் படிக்கச் சொல்வதென்று தெரியாமல் அவள் மூன்றையும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

மூன்றாம் வாரம் பேப்பர் வந்தது. வீட்டுக்குப் போகாமல் நேரே காட்டோரம் போனான். வேல்கம்பைச் சத்தமில்லாமல் மண்ணில் படுக்கவைத்தான். மேட்டின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, எழுத்துக் கூட்டி, சத்தமாகப் படித்தான். மெம்பரைப் படித்தான், ரோட்டைப் படித்தான். தன் பேர் வந்த இடத்தில் குரலைத் தாழ்த்தாமல் படித்தான். நல்லவன் என்ற இடத்தில் மட்டும் கொஞ்ச நேரம் பிடித்தது.

அதற்குக் கீழே, சின்ன எழுத்தில், இன்னும் ஒரு வரி இருந்தது.

அதை அவன் படிக்கவில்லை. பேப்பரை நான்காக மடித்து, தலைமாட்டுக் கல்லுக்கடியில் செருகினான்.