அக்காவுக்குக் கிடைத்த பாலிசி

அம்மா நாற்பது வயதைத் தாண்டுமுன்பே, சலவைக்கடையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த இடத்திலேயே சரிந்து விழுந்து இறந்தாள். இதயத் தசையில் குறை, அது பிள்ளைகளுக்கும் வரலாம் என்றார் டாக்டர். இரண்டு மகள்களில் சின்னவள், மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தபின் மரபணுப் பரிசோதனை செய்துகொண்டாள். குறை இருந்தது. மறைக்காமல் சொன்னதால், ஆயுள் காப்பீடு கேட்டுப் போன இடங்களிலெல்லாம் கையை விரித்துவிட்டார்கள்.

அவளுடைய அக்கா கார் ஓட்டக் கற்றுத்தருகிறவள். பரிசோதனை என்றாலே பயந்து தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு மாலை சின்னவள் போனபோது அக்கா வீட்டுக் கூடத்தில் இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் உட்கார்ந்திருந்தார். மரபணுப் பரிசோதனை ஏதும் செய்ததுண்டா என்று அவர் கேட்க, இல்லை என்றாள் அக்கா. அதில் பொய்யில்லை. அம்மா எப்படிப் போனார்கள் என்றதற்கு, மாரடைப்பு என்றாள். அவர் கையெழுத்துப் போட இடம் காட்டினார்.

சின்னவளுக்கு வயிறு எரிந்தது. தெரிந்துகொண்டவளுக்குக் கதவடைப்பு, தெரிந்துகொள்ளாதவளுக்குப் பாலிசியா?

"அம்மாவுக்கு இருந்த குறை எனக்கும் இருக்குங்க. டெஸ்ட்ல வந்துச்சு. அக்காவுக்கும் இருக்கலாம்," என்றாள்.

ஏஜெண்ட் பேனாவை மூடினார். அக்கா அவளை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை.

வேறு வழியில்லாமல் அக்கா பரிசோதனைக்குப் போனாள். குறை இல்லை என்று வந்தது. அதே ஏஜெண்ட் திரும்பி வந்து, முன்பு சொன்னதைவிடக் குறைந்த பிரீமியத்தில் பாலிசி போட்டுக்கொடுத்தார்.

செய்தியைப் போனில் சொன்னது அத்தான். நல்லவேளை என்றது சின்னவளின் வாய். அக்காவுக்கும் இருந்திருந்தால் துணைக்கு ஒருத்தி கிடைத்திருப்பாளே என்றது மனம். அப்படி நினைத்ததற்காகத் தன்மேலேயே அருவருப்பு வந்தது; நினைப்பு மட்டும் போகவில்லை.

சில நாள் கழித்து, கடை மூடும் நேரத்தில் அக்காவே வந்து நின்றாள்.

"நீ எதுக்குச் சொன்னேன்னு எனக்குத் தெரியும்டி. உன் இடத்துல இருந்தா நானும் சொல்லியிருப்பேன். இதய டாக்டர்கிட்ட தனியா போகாத. நான் கூட்டிட்டுப் போறேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம். பெருந்தன்மையும் இவளுக்கே வாய்க்கவேண்டுமா? சின்னவள் சரி என்று மட்டும் சொன்னாள்.

டாக்டரைப் பார்க்கும் நாளில் அக்கா காரைக் கொண்டுவந்து நிறுத்தி, முன்கதவைத் திறந்துவிட்டாள். சின்னவள் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.