இரவல் கண்ணாடி

"வேலைக்குப் போகாதவங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை உண்டா ஆன்ட்டி?"

சுழல் நாற்காலியில் சுற்றிக்கொண்டே அந்தச் சிறுமி ஒருமுறை கேட்டாள். பக்கத்தில் இருந்த அவளுடைய அப்பா தலையைக் குனிந்துகொண்டார். பதில் சொல்ல வேண்டியவளோ வேலை தேடுகிறவர்களுக்கு இன்டர்வியூ பயிற்சி கொடுப்பவள். எந்தக் கேள்வி வந்தாலும் சமாளிக்க ஊருக்கே சொல்லிக்கொடுக்கிற அவள், அன்று மேசைமேல் இருந்த காகிதங்களை அடுக்க ஆரம்பித்தாள்.

முடிவெட்டும் கடைக்கு மேலே ஒற்றை அறைதான் அவளுடைய அலுவலகம். "தலைக்கு நான், வாய்க்கு மாடியில மேடம்" என்று கடைக்காரர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அவள் சிடுமூஞ்சி மேனேஜராக நடிப்பாள். கொட்டாவி விடுவாள், நடுவில் போனை எடுத்துச் சிரித்துப் பேசுவாள். எதிரே இருப்பவர் அதற்கெல்லாம் அசரக் கூடாது. பலர் அப்படிப் பழகி, நல்ல வேலையிலும் உட்கார்ந்துவிட்டார்கள்.

சிறுமியின் அப்பா மட்டும் தேறவில்லை. பிஸ்கட் கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். கம்பெனி மூடியதிலிருந்து மனைவியின் தையல் மிஷின்தான் குடும்பத்தை இழுத்துக்கொண்டிருந்தது. தொழில் தெரிந்தவர், கை சுத்தமானவர். ஆனால் இந்த வேலையும் போய்விடுமோ என்ற பயம், கேள்வி முடிவதற்குள் அவர் வாயிலிருந்து பதிலைப் பிடித்துத் தள்ளிவிடும்.

"அண்ணா, நான் இன்னும் கேள்வியே கேட்கலை."

"என்ன கேட்பீங்கன்னு தெரியும் மேடம்."

"அப்படின்னா ஜோசியம் பார்க்கப் போங்க. வேலை எதுக்கு?"

அந்தக் குழந்தையின் கேள்வி அவளைத் தூங்கவிடவில்லை. ஓய்வைக் கடவுள் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு மட்டும் கொடுக்கவில்லை என்று நம்புகிறவள் அவள். அடுத்த முறை அவர் வந்ததும் சொல்லிவிட்டாள்.

"இனிமே ஞாயித்துக்கிழமை உங்களுக்கு லீவு. விண்ணப்பம் போடுறது, போன் பண்றது, மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிறது, எதுவும் கிடையாது."

"லீவுல என்ன பண்றதுன்னே மறந்து போச்சு மேடம்."

"ஒண்ணும் பண்ணாதீங்க. அதுக்குப் பேர்தான் லீவு."

மகளோடு பூங்காவுக்குப் போனார், மத்தியானம் தூங்கினார். மெல்ல மெல்ல முகம் தெளிந்தது. பதில் சொல்லும் முன் ஒரு தடவை எச்சில் விழுங்கச் சொல்லி அவள் வைத்த பயிற்சியும் கைகூட ஆரம்பித்தது.

அப்போதுதான் ஒரு சனிக்கிழமை போன் வந்தது.

"மேடம், ஆஸ்பத்திரி மருந்து ஸ்டோருக்கு ஆள் எடுக்கிறாங்க. என்னை நாளைக்கு வரச் சொல்றாங்க."

"நல்ல சேதிதானே!"

"நாளைக்கு ஞாயிறாச்சே. திங்கட்கிழமை வர்றேன்னு சொல்லிடட்டுமா?"

"ஐயோ அண்ணா! கடவுளே வந்து கதவைத் தட்டினாலும் லீவுன்னு சொல்லி அனுப்பிடுவீங்க போல. ஒழுங்கா கிளம்புங்க, நானும் வர்றேன்."

மறுநாள் ஆஸ்பத்திரி நடைக்கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது அவர் சட்டைப்பையைத் தடவினார். முகம் வெளுத்துவிட்டது. படிக்கிற கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். மருந்துப் பெட்டிகளில் பொடி எழுத்தில் இருக்கும் காலாவதித் தேதியைப் படிப்பதுதான் சோதனையே. அடுத்து அவர் முறை.

அவள் வெட்கத்தை விட்டுவிட்டு எழுந்து நின்றாள். "படிக்கிற கண்ணாடி யாராவது அரை மணி நேரம் இரவல் தருவீங்களா?"

ஓர் இளைஞன் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி போனில் மூழ்கினான். ஓரத்தில் பச்சைச் சால்வை போர்த்திய ஓர் அம்மாள் பிரார்த்தனைப் புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியைக் கழற்றி நீட்டினாள்.

"உங்களுக்குச் சரியா வருதா பாருங்க தம்பி."

"நீங்க படிச்சிட்டிருக்கீங்களேம்மா," என்றாள் பயிற்சிக்காரி.

"உள்ள என் வீட்டுக்காரருக்கு ஆபரேஷன். அதான் படிக்கிறேன். பாதியில நின்னா கடவுள் கோவிச்சுக்க மாட்டார்."

ஊதா நிறக் கண்ணாடி, ஓரத்தில் பூ வேலை வேறு. அவர் மாட்டிக்கொண்டு, "எப்படி இருக்கு மேடம்?" என்றார்.

"பொண்ணு பார்க்க வந்திருக்காங்கன்னா உங்களைத்தான் காட்டணும். போங்க உள்ள!"

அவர் உள்ளே போன சற்று நேரத்தில் நர்ஸ் வந்தாள். "அம்மா, நல்லபடியா முடிஞ்சுது. கண்ணு முழிச்சு உங்களைத்தான் கேட்கிறார்." அந்த அம்மாள் புத்தகத்தைப் பெஞ்சில் அப்படியே கவிழ்த்துவிட்டு, சால்வை தரையில் புரள ஓடினாள்.

கடைசியில் அவர் வெளியே வந்தார். மூக்கின் மேல் ஊதாக் கண்ணாடி அப்படியே இருந்தது.

"என்ன ஆச்சு அண்ணா?"

எச்சில் விழுங்கினார். அவளுக்கு உயிரே போய்விடும் போலிருந்தது.

"நாளையிலிருந்து வேலைக்கு வரச் சொல்லிட்டாங்க மேடம்!"

பெட்டிகளைக் குவித்து, எதை முதலில் வெளியே அனுப்புவீர்கள் என்று கேட்டார்களாம். இவர் கேள்வி முடியும்வரை காத்திருந்து, ஒவ்வொன்றாகத் திருப்பிப் படித்திருக்கிறார். ஒன்றில் தேதி அழிந்திருந்தது. "இது தெரியலை சார். தெரியாததை நோயாளிக்குக் கொடுக்க மாட்டேன்" என்று தனியே எடுத்து வைத்தாராம். "கண்ணாடி புதுசா?" என்று இன்டர்வியூ நடத்திய பெரியவர் கேட்க, "இரவல் சார்" என்றிருக்கிறார். அறையே சிரித்ததாம்.

அவளுக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன.

"அந்த அம்மாவுக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்லணுமே," என்றார் அவர்.

"அவங்க வீட்டுக்காரர் பிழைச்சிட்டார், உள்ள போயிருக்காங்க. கண்ணாடியை நான் கொடுத்துக்கிறேன். நீங்க வீட்டுக்கு ஓடுங்க, அண்ணி காத்திருப்பாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினார். இந்த அவசரத்தை அவள் திருத்தப் போகவில்லை.

நடைக்கூடம் காலியாகிவிட்டது. அவள் கண்ணாடியை முந்தானையில் துடைத்து மடித்துவைத்தாள். கவிழ்ந்து கிடந்த புத்தகத்தை எடுத்தாள். அந்த அம்மாள் விட்ட வரியைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து வாய்க்குள் வாசிக்கத் தொடங்கினாள். ஒரு சொல்லையும் தாண்டாமல் கடைசி வரிவரை வாசித்தாள். பிறகு, முடிந்த பக்கத்தில் கண்ணாடியை வைத்துப் புத்தகத்தை மெல்ல மூடினாள்.