திருப்பிச் சொல்லும் வரை

1

இது நானாக எழுத நினைத்த கதை இல்லை. அண்ணன் கேட்டான், எழுதுகிறேன்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று அவனை வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறது. இரண்டு வருட விசா. குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. விசா அந்தக் கம்பெனியை நம்பித்தான். வேலை போனால் மறுபேச்சில்லாமல் மூட்டை கட்ட வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

"நீதான் கதையெல்லாம் எழுதுறியே. நான் போனா என்ன ஆகும், போகலேன்னா என்ன ஆகும், ரெண்டையும் எழுதிக் குடு. படிச்சுட்டு முடிவு பண்றேன்" என்றான்.

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

2

முதல் தொடக்கம்:

விமான நிலையத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அண்ணன் திரும்பிப் பார்த்தபோது அப்பா கையை உயர்த்தி

(அப்பாவால் விமான நிலையத்துக்கு வர முடியாது. பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. சொந்த அப்பாவைப் பற்றியே இப்படித் தப்பாக எழுதுகிறவளை என்ன சொல்ல!)

இரண்டாம் தொடக்கம்:

எழுபதாவது மாடியில், லிஃப்ட் கூண்டின் கூரைமேல் நின்று அவன் கீழே பார்த்தான். மழைத் தண்ணீர் உள்ளே கசிந்துகொண்டிருந்தது. அப்போது கம்பிவடம்

(அறுந்தது என்றுதான் எழுதப் போனேன். "சினிமாவுல வர்ற மாதிரியெல்லாம் அறுந்து விழாது, பிள்ளை" என்று அவன் என்னிடம் தொண்டை வற்றச் சொல்லியிருக்கிறான். கை கேட்டால்தானே.)

மூன்றாம் தொடக்கம், அவன் போகாத கதைக்கு:

வேலை வேண்டாம் என்று பதில் அனுப்பிய அன்று இதமான வெயில் அடித்தது. அண்ணன் அப்பாவுக்குச் சவரம் செய்துவிட்டான். அண்ணி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

இது மட்டும் தடங்கலே இல்லாமல் ஓடியது. ஒரே மூச்சில் நான்கு பக்கம்.

3

எனக்குச் சிக்கல் கதாநாயகன்தான். கதையில் வருகிறவன் எதையாவது விரும்ப வேண்டும். இவன் வாயைத் திறந்தால் கேள்வி மட்டும்தான் வருகிறது. அண்ணியிடம் "போகட்டுமா?" அப்பாவிடம் "போகட்டுமாப்பா?" என்னிடம் "நீ என்ன சொல்றே, போகட்டுமா?" ஒரு வாரமாக இதே பல்லவி.

ஒரே ஒரு தடவை, பாத்திரம் கழுவிக்கொண்டே, யாருக்கும் சொல்லாதது போலச் சொன்னான்: "இங்க எட்டு மாடிக்கு மேல நான் ஏறினதே இல்ல. அங்க எழுபது மாடியாம். அவ்வளவு உசரத்துல கூண்டுமேல ஒரு தடவை நின்னு பாக்கணும்." உடனே குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டான்.

* அவன் வேலையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பழுது பார்க்கும்போது ஒருவர் கூண்டின் கூரைமேல் நிற்பார். இன்னொருவர் மேலே இயந்திர அறையில் இருந்து கூண்டை நகர்த்துவார். ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது, குரல் மட்டும்தான். கூரைமேல் இருப்பவர் "கீழே" என்பார். அறையில் இருப்பவர் "கீழே" என்று திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் நகர்த்த வேண்டும். "கீழே போலாமா?" என்று கேட்டால் கூண்டு அசையாது. கேள்விக்கு நகர்த்தக் கூடாது. சொல்ல வேண்டியது கூரைமேல் நிற்பவர்தான். நசுங்கினால் நசுங்கப்போவது அவர்தானே.

4

இந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. தினமும் காலையில் அண்ணன் அப்பாவைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவான். அக்குளுக்கடியில் கைகொடுத்து, "மேலே" என்பான். அப்பாவுக்குப் பேச்சு முழுதாகத் திரும்பவில்லை. நாக்கைப் புரட்டி, மெதுவாக, "மே...லே" என்பார். அதற்குப் பிறகுதான் தூக்குவான். சில நாள் வெகுநேரம் ஆகும். அவசரப்படுத்த மாட்டான்.

அண்ணிக்கு முதுகெலும்பில் கோளாறு. கனம் தூக்கக் கூடாது. ஆகவே அண்ணன் போனால் அப்பாவைத் தூக்க வேண்டியது மாடி வீட்டில் குடியிருக்கும் நான்.

[இந்தப் பத்தியை வேறெங்காவது ஒளித்துவைக்கலாமா என்று பார்த்தேன். முடியவில்லை.]

எனக்குப் பயம். அப்பாவைத் தவறவிட்டுவிடுவேன் என்று பயம்.

5

வியாழக்கிழமை. தாள்களை அண்ணி கேட்டு வாங்கினார். காய் நறுக்கும் பலகையைத் தள்ளிவைத்துவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வரிவரியாகப் படித்தார்.

"ஏன் பிள்ளை, அவர் போற கதையில எல்லாம் மழையா பெய்யுது?"

நான் தாளை எட்டிப் பார்த்தேன்.

"போகாத கதையில வெயிலு. அதுவும் இதமா."

"அது... சூழ்நிலைக்காக அண்ணி."

"சரிதான்." பக்கத்தைப் புரட்டினார். "இந்த நாலு பக்கத்துலயும் நான் வாசல்லயே நிக்கிறேன். கால் வலிக்காதா எனக்கு? ஒரு வார்த்தைகூடப் பேசலியே."

நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். பேனாவை எடுத்து, "சொல்லுங்க, எழுதிடறேன். போகச் சொல்லுவீங்களா, வேண்டாம்பீங்களா?" என்றேன்.

கண்ணாடியைக் கழற்றினார்.

"அவர் சொன்னாத்தானே நான் திருப்பிச் சொல்ல முடியும்? கேட்டுக்கிட்டேல்ல இருக்கார். போன்னு சொன்னா, அங்க ஒண்ணுன்னா நான் அனுப்பினதாகும். இருன்னு சொன்னா, காலம் பூரா நான் பிடிச்சு வெச்சதாகும். எனக்கு ரெண்டுமே பயமாத்தான் இருக்கு. ஆனா கூரைமேல நிக்கிறது அவர்தானே. அவர் வாயால வரட்டும்."

பிறகு பலகையை இழுத்துக்கொண்டு மறுபடி நறுக்கத் தொடங்கினார். கண் கலங்கியிருந்தது. பலகையில் இருந்தது கேரட், வெங்காயம் இல்லை.

6

(இந்த இடத்தில் அண்ணனும் நானும் நீளமாக விவாதிப்பதாக ஒரு காட்சி எழுதி, கிழித்தேன். நடந்தது இவ்வளவுதான்.)

அவனிடம் தாள்களைக் கொடுக்கவில்லை. "எழுத வரல. நான் எழுதினா நீ போகாத கதைதான் நல்லா வருது, அதுக்குக் காரணம் நீ இல்ல, நான்" என்றேன். அண்ணி சொன்னதையும் சொன்னேன்.

அவன் சுவரைப் பார்த்தபடி நின்றான். "வேலையில ஒரு நாளும் இந்தத் தப்பைப் பண்ணதில்லையே" என்றான்.

வெள்ளிக்கிழமை காலை அப்பாவைத் தூக்கப் போனான். "மேலே." அப்பா "மே...லே" என்றார். நாற்காலியில் உட்காரவைத்து, போர்வையைச் சரி செய்தான். அண்ணி மாத்திரை டப்பாவோடு நின்றிருந்தார். அண்ணன் அவர் பக்கம் திரும்பினான். கேட்கவில்லை. சொன்னான்.

"__________."

ஒரே ஒரு சொல். அண்ணி உடனே பதில் சொல்லவில்லை. அவன் அவசரப்படுத்தவில்லை. மாத்திரை டப்பாவை மேசைமேல் வைத்துவிட்டு, அவன் முகத்தைப் பார்த்து, அதே சொல்லைத் திருப்பிச் சொன்னார்.

7

அந்தச் சொல்லை நான் எழுத மாட்டேன். எழுதினால் அதன்மேல் மழையோ வெயிலோ போட்டுவிடுவேன். என்மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. இடம் விட்டிருக்கிறேன். நிரப்புவதானால் உங்கள் வாயால் உரக்கச் சொல்லிப் பாருங்கள். பக்கத்தில் இருப்பவர் யாராவது திருப்பிச் சொல்ல முடிகிறதா என்றும் பாருங்கள்.

எனக்குத் தெரிந்த முடிவு வேறு. சனிக்கிழமை காலை அண்ணன் வீட்டில்தான் இருந்தான். நான் மாடியிலிருந்து இறங்கி வந்து, அவனைத் தள்ளி நிற்கச் சொன்னேன். (இதை வைத்து அவன் போகிறான் என்று கணக்குப் போட வேண்டாம். அவன் இருந்தாலும் இது நான் செய்திருக்க வேண்டியதுதான்.) அப்பாவின் அக்குளுக்கடியில் கைகொடுத்தேன். இவ்வளவு கனம் என்று நினைத்திருக்கவில்லை.

"மேலே" என்றேன்.

அப்பா என்னைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். நான் காத்திருந்தேன்.

"மே...லே" என்றார்.