மலைக்குக் கட்டிய பை

கூடத்தில் ஒரு பழைய போர்வையை விரித்து எல்லாவற்றையும் அதன் மேல் பரப்பியிருந்தார்கள். கூடாரம், தூங்கும் பை, கையளவு அடுப்பு, மழைச் சட்டை, கம்பளிக் காலுறைகள், இரண்டு தட்டு. எல்லாவற்றுக்கும் நடுவில், நான்கு துண்டாகப் பிரித்து உறையில் போட்ட தூண்டில் கழி.

"ரெண்டு தட்டு எதுக்குப்பா? ஒண்ணு போதும். எடை குறையும்," என்றார் டிரைவர்.

"சகலையும் சகலையும் ஒரே தட்டுல சாப்பிட்டா ஊர் சிரிக்கும்."

"மேல எந்த ஊரு இருக்கு? மீன்தான் இருக்கு. சிரிச்சா சிரிக்கட்டும்."

அந்தச் சிரிப்பு அவருக்கு இருமலில்தான் போய் முடிந்தது. வறட்டு இருமல். அது அடங்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தவர் ஒரு காலுறையைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார்.

அக்காவை டிரைவரும் தங்கையை இவரும் கட்டியிருந்தார்கள். அதற்கும் முன்பே இருவரும் ஒரே சரக்குக் கிடங்கில் வேலை. இவர் பேக்கிங் பிரிவு. பெட்டிக்குள் விரல் நுழையும் இடைவெளி இருந்தால்கூட, "இடுக்கு இருக்கு பார், இடுக்கு இருக்கு பார்" என்று கத்துவார். அதனால் கிடங்கில் அவருக்கு இடுக்கு என்றே பெயர். இடுக்கு கட்டிய பெட்டிகளை டிரைவர் லாரியில் மலைமேல் இருந்த ஊர்களுக்குக் கொண்டுபோனார். கடைசிப் பெட்டி ஏறியதும் அதன் தலையில் இரண்டு தட்டு தட்டி, "கதவைச் சாத்து" என்பார். இடுக்கு கட்டிய கட்டுக்கு அதற்கு மேல் நற்சான்றிதழ் கிடையாது.

போன வருஷம் டிரைவருக்கு நுரையீரல் கெட்டியாகத் தொடங்கியது. காரணம் தெரியவில்லை என்றார்கள். லாரியை வேறொருவர் ஓட்டுகிறார்.

"இன்னுமா முடியல உங்க ரெண்டு பேர் விளையாட்டு?" என்று அக்கா ஈரக் கையோடு எட்டிப் பார்த்தாள். "தம்பி, ஒரு விஷயம் எனக்குப் புரிய வை. அவ்வளவு தூரம் நடந்து போய், அவ்வளவு பாடுபட்டுப் பிடிச்சு, மறுபடி தண்ணியிலயே விட்டுடுவாராமே?"

"ஆமாக்கா, அப்படித்தான் செய்வாங்களாம்."

"என்னை மட்டும் இத்தனை வருஷமா விடாம பிடிச்சு வெச்சிருக்காரு."

"நீ கொக்கியை முழுங்கிட்டியே," என்றார் டிரைவர். "முழுங்கினதை விட்டாலும் பிழைக்காது."

அவள் ஈரக் கையை அவர் முகத்தில் உதறிவிட்டு உள்ளே போனாள். போகும்போது ஒரு கணம் போர்வையில் இருந்த சாமான்களைப் பார்த்தாள். யாருடைய சாமானோ என்பது போல.

*

மலைப்பாதையில் ஒரு பாலம் உண்டு. கீழே ஓடை. ஒவ்வொரு முறை கடக்கும்போதும் டிரைவர் கியரைக் குறைப்பார். கீழே யாராவது ஒரு ஆள் முழங்கால் தண்ணீரில் நின்று நீண்ட நூலை முன்னும் பின்னும் வீசிக்கொண்டிருப்பார். நூல் காற்றில் வளைந்து, நிமிர்ந்து, தண்ணீரில் ஓசையில்லாமல் இறங்கும். நிறுத்திப் பார்க்க முடியாது. பின்னால் வண்டி நிற்கும், மேலே சரக்குக்குக் காத்திருப்பார்கள். பாலம் முடிந்துவிடும். அந்த வேலையில் இருந்த காலம் முழுக்க அந்த ஓடையை அவர் துண்டு துண்டாகத்தான் பார்த்திருக்கிறார்.

நல்ல மீன் பாலத்தடியில் இல்லை, ஓடை பிறக்கிற இடத்தில், ஒரு நாள் நடந்து மேலே போய்த் தங்கினால்தான் கிடைக்கும் என்று மலையில் ஒரு கடைக்காரர் சொல்லியிருந்தார். வேலையை விட்டபோது வந்த தொகையில் டிரைவர் முதலில் வாங்கியது தூண்டில். பிறகு இரண்டு முதுகுப் பைகள். ஒன்று தனக்கு, ஒன்று சகலைக்கு. கேட்டுக்கொண்டு வாங்கவில்லை.

மாலையில் அடுக்குமாடியின் கார் நிறுத்தத்தில் பழகினார். கொக்கிக்குப் பதில் சிவப்புக் கம்பளி நூலை முனையில் கட்டியிருந்தார்.

"என்ன சார், காருக்கு அடியில மீனா?" என்பார் காவலாளி.

"கெண்டை இல்லை. டயர்தான் கடிக்குது."

"புழு கூட இல்லையே சார்?"

"இதுக்குப் புழு வேண்டாம். இறகையும் நூலையும் கொக்கியில சுத்திப் பூச்சி மாதிரி பண்ணிடுவாங்க. மீன் நம்பிடும்."

"கொக்கு தலையில வெண்ணெய் வெச்சுப் பிடிக்கிற கதையால்ல இருக்கு."

காவலாளி சிரிக்கட்டும் என்று விட்டு, டிரைவர் மறுபடி வீசுவார். ஒரு நாள் பக்கத்தில் நின்ற இடுக்கிடம் சொன்னார்: "மத்த தூண்டில்ல ஈயக் குண்டு நூலை இழுத்துட்டுப் போகும். இதுல முனையில கனமே கிடையாது. நூல்தான் கனம். இதுக்குப் பலம் வேண்டாம் சகலை, பொறுமை போதும். பின்னால போன நூல் நிமிர்ற வரைக்கும் சும்மா நிக்கணும். அவசரப்பட்டா போச்சு."

அந்தச் சும்மா நிற்கும் நேரத்தில் அவர் மூச்சு வாங்கிக்கொள்வதை இடுக்கு பார்த்தார்.

டாக்டர் டிரைவரிடம் சொன்னது, "கனம் எதுவும் தூக்காதீங்க." டிரைவர் அதையே அனுமதியாக எடுத்துக்கொண்டார். "சுமைதானே கூடாது? நடக்கக் கூடாதுன்னு சொல்லலையே." வெளியே நடைபாதையில் அக்காவிடமும் இடுக்கிடமும் டாக்டர் சொன்னது வேறு. மலைக்காற்று இவருக்குப் போதாது. இனி ஏறுமுகம் இல்லை. "ஆனா போகாதேன்னு முகத்துக்கு நேரா சொல்லிடாதீங்க. எதையாவது எதிர்பார்த்துட்டு இருக்கட்டும்."

அவர்கள் தலையாட்டினார்கள். அந்த எதிர்பார்ப்பை எந்த நாளில், யார் போய் நிறுத்துவது என்பதை மட்டும் அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. மருத்துவமனையிலிருந்து திரும்பும்போது பேருந்தில் அக்கா ஜன்னல் பக்கம் திரும்பியே வந்தாள்.

*

"ரெண்டு பையையும் நான் கட்டறேன்," என்றார் இடுக்கு. "பொழைப்பே அதுதானே."

வீட்டுக்குக் கொண்டுபோய்க் கட்டினார். கூடாரம், அடுப்பு, சாப்பாட்டுப் பொட்டலங்கள், மழைச் சட்டை எல்லாம் தன் பைக்குப் போயின. டிரைவரின் பையில் தூங்கும் பையும் கம்பளிக் காலுறைகளும் தூண்டிலும் மட்டும். பை தொங்கிப்போய் நின்றது. அப்படி நின்றால் அவர் கண்டுபிடித்துவிடுவார். இடுக்கு கிடங்கிலிருந்து காற்றுத் தலையணைகளைக் கொண்டுவந்திருந்தார். பெட்டிக்குள் சாமான் ஆடாமலிருக்கக் காற்றடைத்து ஒட்டிய பிளாஸ்டிக் பைகள். அவற்றைச் சுற்றிலும், அடியிலும், நடுவிலும் திணித்தார். பை புடைத்து நிமிர்ந்தது. வெளியே தட்டிப் பார்த்தார். ஒரு இடுக்குகூட இல்லை.

"என்னங்க இது, மாமாவுக்குக் காத்து, உங்களுக்குக் கல்லா?" என்றாள் அவர் மனைவி.

"சும்மா இரு."

"மாமா முட்டாள் இல்லைங்க."

அவர் வாரை இழுத்து இறுக்கினார். அவள் விளக்கைப் போட்டுவிட்டுப் போனாள். இருட்டத் தொடங்கியிருந்ததை அவர் கவனிக்கவில்லை.

மறுநாள் இடுக்கு கொண்டுவந்து வைத்த பையை டிரைவர் ஒரு கையால் தூக்கினார். அவர் முகத்தில் வந்தது நீண்ட நாளாக அங்கே வராத ஒன்று.

"அட! சகலை, எல்லாம் உள்ள இருக்கா?"

"எல்லாம் இருக்கு."

"இவ்வளவுதானா கனம்? நான் என்னவோ பயந்துட்டேன்." முதுகில் மாட்டிக்கொண்டு கூடத்தில் ஒரு சுற்று நடந்தார். "ஏய், இங்க வா. பார். நான் இன்னும் செத்துப் போகலை."

அக்கா வந்து பார்த்தாள். பையைப் பார்த்தாள், பிறகு இடுக்கைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்தார். "நல்லா இருக்கு," என்றாள். அந்த வாரம் முழுக்க அந்த வீட்டில் பேச்சும் சிரிப்புமாக இருந்தது. அதுதான் இடுக்குக்குத் தாங்கவில்லை.

*

"லோடு ஏத்தின வண்டியை ஒரு சுத்து ஓட்டிப் பார்க்காம எடுக்கக் கூடாது," என்று ஞாயிற்றுக்கிழமை டிரைவர் சொன்னார். "மாடிப்படி ஏறிப் பார்ப்போம்."

இடுக்கு தன் பையோடு முன்னால் ஏறினார். அவர் தோளை வார் அறுத்தது. பின்னால் டிரைவரின் காலடிகள். முதல் திருப்பத்தில் பேச்சு இருந்தது. அடுத்த திருப்பத்தில் மூச்சு மட்டும் இருந்தது. அதற்கடுத்த மாடிக்குப் போவதற்குள் காலடி நின்றது.

திரும்பிப் பார்த்தார். டிரைவர் படியில் உட்கார்ந்திருந்தார். உதடு வெளிறியிருந்தது. "ஒண்ணுமில்லை. ஒரு நிமிஷம்," என்று கையைக் காட்டினார். பிறகு பையோடு சுவரில் சாய்ந்தார்.

பட் என்று வெடித்தது.

ஏதோ வீட்டில் நாய் குரைத்தது. டிரைவர் அசையவில்லை. பையின் ஒரு பக்கம் மெதுவாக அமுங்கியது. வாரைக் கழற்றி, பையை மடியில் வைத்து, ஜிப்பைத் திறந்தார். தூங்கும் பைக்கும் காலுறைகளுக்கும் நடுவே கையை விட்டு, காற்றுத் தலையணைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் படியில் வைத்தார். அவை லேசாக அசைந்தன. ஒன்று உருண்டு கீழ்ப்படிக்குப் போனது.

இடுக்கு தன் பையோடு அப்படியே நின்றார்.

"கனத்தை எல்லாம் நீயே எடுத்துக்கிட்டயா?"

"டாக்டர் சுமை கூடாதுன்னு சொன்னாரே, அதான்..."

"அது பரவாயில்லை. உன் இடத்துல நானும் அதைத்தான் பண்ணியிருப்பேன்." வெடித்துச் சுருங்கிய பிளாஸ்டிக்கை விரலில் சுற்றினார். மூச்சு வரக் காத்திருந்தார். "மலை லோடுல இதைப் போட்டான்னு ஒரு பையனை நீ கிடங்கை விட்டே விரட்டினியே. ஞாபகம் இருக்கா?"

இடுக்குக்கு அப்போதுதான் உறைத்தது.

மேலே போகப் போகக் காற்று மெலியும், அடைத்த காற்று உப்பும். தலையணைகள் புடைத்துப் பெட்டியைத் தள்ளித் திறந்துவிடும், இல்லையென்றால் வழியிலேயே வெடித்துச் சாமான் ஆடி உடையும். மலைக்குப் போகிற பெட்டியில் கசக்கிய காகிதம்தான் போடவேண்டும். அது அவரே வைத்த சட்டம். எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். சமதரைக்குக் காற்று, மலைக்குக் காகிதம். அவர் யோசித்துச் செய்யவில்லை. கை தானாகத் தலையணையை எடுத்தது.

"மறந்துட்டேன் சகலை."

"நீ மறப்ப. உன் கை மறக்காது." டிரைவரின் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இது மலைக்குப் போற பேக்கிங் இல்லைப்பா. இந்தப் பை எங்கயும் போகாதுன்னு தெரிஞ்சுதான் கட்டியிருக்க."

படிக்கட்டு ஜன்னல் வழியே வெயில் ஒரு தலையணையின் மேல் விழுந்திருந்தது. உள்ளே ஒன்றுமில்லை என்பது நன்றாகத் தெரிந்தது. யாரோ மேலிருந்து இறங்கி வந்தார்கள், இருவரையும் பார்த்தார்கள், ஒதுங்கி இறங்கிப் போனார்கள்.

"அவளுக்கும் தெரியுமா?" என்று டிரைவர் கேட்டார்.

இடுக்கு தலையைக் குனிந்தார்.

"ம்." பையின் ஜிப்பை மூடிவிட்டு எழுந்தார்.

*

வீட்டுக்கு வந்ததும் டிரைவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அக்கா தண்ணீர் கொண்டுவந்தாள். அமுங்கிய பையைப் பார்த்ததும் அவளுக்குக் கேள்வி எதுவும் மிச்சமில்லை. தம்ளரை அவர் கையில் கொடுத்துவிட்டு, கையை எடுக்காமலே நின்றாள். பிறகு, "சாப்பாடு எடுத்து வைக்கிறேன்," என்று போனாள். உள்ளே பாத்திரச் சத்தம் கேட்கவில்லை.

"சகலை," என்றார் டிரைவர். "ஒழுங்கா கட்டு."

"எதுக்கு சகலை இப்போ..."

"என் பங்கு எதுவோ அதை அதுல வை. காகிதம் போட்டுக் கட்டு. மலைக்குக் கட்டற மாதிரி."

இடுக்கு தரையில் உட்கார்ந்தார். தன் பையைக் கவிழ்த்துக் கொட்டினார். டிரைவரின் பையில் தூங்கும் பையை அடியில் வைத்தார். கூடாரத்தை முதுகுப் பக்கம் ஒட்டி நிறுத்தினார். அடுப்பு, சாப்பாட்டில் பாதி, மழைச் சட்டை, ஒரு தட்டு. பொய்ப் பூச்சிகள் இருந்த சின்ன டப்பாவைக் காலுறைக்குள் செருகி நடுவில் வைத்தார். பழைய செய்தித்தாள்களை ஒவ்வொன்றாகக் கசக்கி இடைவெளிகளில் திணித்தார். காகிதம் கசங்கும் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. கடைசியாகத் தூண்டில் கழியைப் பக்கவாட்டில் கட்டினார். அவர் வேலைக்காலத்தில் அதைவிட நல்ல கட்டு கட்டியதில்லை.

டிரைவர் எழுந்து வந்து இரண்டு கையாலும் வாரைப் பிடித்தார். இழுத்தார். பை தரையிலிருந்து ஒரு சாண் உயர்ந்தது. அவர் கழுத்து நரம்பு புடைத்தது. இடுக்கு கையை நீட்டவில்லை. நீட்டக் கூடாது என்று தெரிந்தது. பை மறுபடி தரைக்கு வந்தது.

டிரைவர் அதன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தார். மூச்சு திரும்பி வர நேரம் பிடித்தது. அதற்குள் அவர் கண்கள் ஒவ்வொரு வாரையும் முடிச்சையும் பார்த்துக்கொண்டு போயின. விரலைப் பையின் விளிம்பில் நுழைத்துப் பார்த்தார். நுழையவில்லை.

"இதுதான் கட்டு," என்றார்.

பிறகு பையின் தலையில் இரண்டு தட்டு தட்டினார்.

"கதவைச் சாத்து."

மாடிப்படியிலிருந்து வந்தபோது வாசல் கதவைத் திறந்தே விட்டிருந்தார்கள். இடுக்கு எழுந்து போய் அதைச் சாத்திவிட்டு, திரும்பி வந்து, பைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார்.