மாமியார் திட்டிய மான்

தோகோய்க்குத் தலையில் கொம்பு முளைத்தது பேரீச்சம்பழ விலை இறங்கிய வாரத்தில். இரண்டுக்கும் சம்பந்தமில்லை. கொம்புக்குக் காரணம் அவனுடைய மாமியார் கெல்லெமி.

சஹாரா பாலைவனத்துத் தூபு ஜனங்களில் மாப்பிள்ளையானவன் மாமியார் கண்ணெதிரே உண்ணக் கூடாது, குடிக்கக் கூடாது, இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவும் கூடாது. மற்ற மாப்பிள்ளைகள் மணல்மேட்டுக்குப் பின்னால் போய்க் குடித்துவிட்டு வருவார்கள். கெல்லெமிக்கோ மணல்மேட்டை ஊடுருவிப் பார்க்கும் கண். தொலைந்த ஒட்டகங்களை அவளிடம்தான் விசாரிப்பார்கள். தோகோய் எங்கே ஒளிந்து தோல்பையைத் தூக்கினாலும், “மேட்டுக்கு அந்தப் பக்கம் யாரோ மடக்கு மடக்குன்னு குடிக்கிற மாதிரி இருக்கே” என்று பொதுவாகச் சொல்வாள். அவன் மானம் போய்விடும். தாய்வீட்டுக்குப் போகலாமென்றால், முதல் பிள்ளை பிறக்கும் முன் போனவனுக்குக் கல்யாணம் ரத்து.

“புல்லைத் தின்னாவது உசிரோட இரு. உங்கம்மா வீட்டுப் பக்கம் காலை வச்சே, அதோட கதை முடிஞ்சுது” என்றாள் மனைவி ஹப்சா.

அவள்மேல் அவனுக்கு உயிர். அதனால் புல்லைத் தின்றான். மேய்வதைச் சாப்பாடு என்று எந்த வழக்கமும் சொல்லவில்லை. தண்ணீரே குடிக்காத அடாக்ஸ் மான்களோடு சேர்ந்து விடியலில் பனி கோத்த புல்லை மேய்ந்தான். பகலில் அவற்றைப்போலவே மணலில் குழி பறித்துப் படுத்தான். கோடையில் உடம்பெல்லாம் வெள்ளை ரோமம் வந்தது. குளிர்காலத்தில் அது பழுப்பானது. பாதம் அகன்று மணலில் புதையாமல் நின்றது. கடைசியாகக் கொம்பு, ஆள் உயரத்துக்கு, முறுக்கு முறுக்காக.

ஒரு நாள் தெற்கே எங்கோ மழை பெய்தது. மந்தை மோப்பம் பிடித்து நடந்தது. தோகோயும் நடந்தான், திரும்பிப் பார்க்கவில்லை. ஹப்சா கத்திக்கொண்டே பின்னால் ஓடி விழுந்தாள்.

“எங்கடா போற, தோகோய்?”

கூப்பிட்டது கெல்லெமி. விழுந்து கிடந்த ஹப்சா தலையைத் தூக்கினாள்.

“அம்மா, மாப்பிள்ளைகிட்ட பேசறே.”

“மாப்பிள்ளை எங்கடி? நான் மான்கிட்டதான் பேசறேன். கல்யாணத்தன்னிக்கு நொண்டி ஒட்டகத்துல வந்து எறங்கினவன்தானே நீ? அன்னிலேருந்து ஒண்ணொண்ணா சேத்து வச்சிருக்கேன். நின்னு கேட்டுட்டுப் போ.”

பொழுது சாயும்வரை திட்டினாள். தன் பெயரை அவள் வாயால் கேட்டதில் தோகோய்க்குக் கண் கலங்கியது. மந்தை போய்விட்டது, அவன் போகவில்லை.

இப்போது அவள் முன்னாலேயே கிண்ணம் கிண்ணமாக ஒட்டகப்பால் குடிக்கிறான். பிள்ளைகளும் பிறந்துவிட்டன. கொம்பு இரண்டொரு முறை ஆட்டம் கண்டதுண்டு. விழுந்துவிட்டால் மறுபடி மாப்பிள்ளையாகிவிடுவானே, பிறகு யாரிடம் பேசுவது என்று, கெல்லெமிதான் நெய் தடவி இறுக்கி வைத்திருக்கிறாள்.