இரண்டாவது கோடு

இடது கையில் மாவுக்கட்டோடு அவள் வந்து உட்கார்ந்தபோது, எங்கேயாவது விழுந்துவிட்டாயா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் நான் கையெழுத்துப் போட்ட சீட்டை மேசையில் வைத்தாள். நான்காகக் கிழிந்திருந்தது.

அரசு மருத்துவமனையில் பதினோரு வருடமாக நான் ஆலோசகர். கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. என்று தெரிந்தால் மாத்திரையைத் தொடங்கிவிட்டு, 'கணவரைப் பரிசோதனைக்கு அழைத்து வரவும்' என்று எழுதி அவளிடமே கொடுத்தனுப்புவோம். அதுதான் வழக்கம். அடி வாங்குகிறவள் கையிலேயே பிரம்பைக் கொடுத்தனுப்புகிறோம் என்று, இவ்வளவு படித்த எனக்கு அன்றுவரை உறைக்கவே இல்லை.

"'எதுக்கு என் ரத்தம், நீ எங்க போயி என்ன வாங்கிட்டு வந்தே'ன்னு கேட்டாருக்கா. பிள்ளைக்கு ரத்தம் கம்மியாம், அதான்னு சமாளிச்சேன். நம்பல."

மன்னிப்புக் கேட்டேன். அதைக் கேட்கக்கூட அவளுக்கு நேரமில்லை.

"நீங்களே போன் பண்ணுங்க. அப்பா ஆகப்போறவங்க எல்லாருக்கும் டெஸ்ட்டுன்னு சொல்லுங்க. நானும் இப்பதான் மொதத் தடவை குத்திக்கிற மாதிரி பக்கத்துல உக்காந்துக்கறேன். உனக்குத்தானே மொதல்ல வந்துச்சுன்னு அடிக்க முடியாதுல்ல?"

"அவருக்கு இல்லேன்னு வந்துட்டா?"

"அவர்கிட்டேருந்து இல்லாம எனக்கு வேற எப்படிக்கா வரும்?" என்றாள். "ஆனா அவருக்கும் வந்தாத்தான் நான் வீட்டுக்குப் போக முடியும்."

வியாழக்கிழமை இருவரும் வந்தார்கள். அவர் லிஃப்ட் மெக்கானிக், நகக்கண்ணில் கிரீஸ். மனைவிக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். "பாத்து நடன்னா கேக்க மாட்டா மேடம், விழுந்துட்டா" என்றார். ஊசியைக் கண்டதும் கண்ணை இறுக மூடிக்கொண்டார். பத்து மாடி உயரத்தில் தொங்குகிற மனிதர்!

இருபது நிமிடம் காத்திருக்க வேண்டும். சோதனைப் பட்டையில் ஒரு கோடு என்றால் கிருமி இல்லை, இரண்டு என்றால் உண்டு. அவளுடைய பட்டையில் ஐந்தாவது நிமிடமே இரண்டு கோடு விழுந்துவிட்டது. ஃபைலால் மறைத்தேன். அவருடையதில் ஒன்றுதான். இத்தனை வருடமும் எந்தப் பட்டையைப் பார்த்தாலும் ஒரே கோடோடு நின்றுவிடு என்றுதான் வேண்டியிருக்கிறேன். அன்று, வந்துவிடு, வந்துவிடு என்று வேண்டினேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை.

பதினாலாவது நிமிடத்தில், பென்சிலால் இழுத்ததுபோல் இன்னொரு கோடு எழுந்தது.

ஃபைலை எடுத்தேன். "ரெண்டு பேருக்கும் இருக்கு. இன்னும் ஒரு டெஸ்ட் பண்ணி உறுதி பண்ணிக்கலாம். மாத்திரை இருக்கு, பயப்படாதீங்க. குழந்தைக்குப் பரவாம பாத்துக்கலாம்" என்றேன். அவர் இரண்டு பட்டைகளையும் மாறிமாறிப் பார்த்தார்.

"இது எப்பலேருந்து மேடம்?"

"அது இதுல தெரியாதுங்க."

அவர் கழுத்து வேர்த்திருந்தது. முகத்தைத் துடைக்கத்தான் கையைத் தூக்கினார். அதற்குள் அவள் குனிந்து, வயிற்றை மறைத்து, நாற்காலியின் ஓரத்தில் ஒடுங்கிவிட்டாள். பாதி உயரத்தில் கை அப்படியே நின்றது. அவரும் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.